இங்கே பாருங்கள், இங்கே பார்க்காதீர்கள்

120 என்ற பெயர் கொண்ட பிலிம் ரோலில் 12 படங்கள் எடுக்கலாம். 1970-களில் தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்திலிருந்து கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய ஸ்டூடியோக்காரரின் தோல் பையில் மூன்று ரோல் இருந்தால் அது நடுத்தரக் கல்யாணம். ஐந்து இருந்தால் வசதியான கல்யாணம். ஆக 36 படங்கள், அல்லது 60. மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கிப் பாலும் பழமும் கொடுப்பது வரை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். இன்று முதல் நாள் மாலை வரவேற்பையும் மறுநாள் காலை முகூர்த்தத்தையும் எடுக்க வரும் குழு நாலாயிரம், ஐயாயிரம் படங்களோடு திரும்பிப் போகிறது. தபால்தலை அளவுள்ள 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றிலேயே ஏறத்தாழ 2,000 படங்கள் அடங்கிவிடுகின்றன. கார்டு நிறைந்தால் பையில் இன்னொன்று இருக்கிறது.

அந்த 36 படங்கள் எவை என்பது கல்யாணத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். மாலை மாற்றுவது ஒன்று, தாரை வார்ப்பது ஒன்று, தாலி கட்டுவது, மெட்டி போடுவது, அக்கினியை வலம் வருவது. பிறகு குரூப் போட்டோக்கள்: பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமன் குடும்பம், அத்தை குடும்பம், மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள், ஊர்ப் பெரியவர். போட்டோகாரருடன் வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடப்பார். பெரும்பாலும் பெண்ணின் சித்தப்பாவாக இருக்கும். "கும்பகோணம் பெரியப்பாவைக் கூப்பிடுப்பா, சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிடுவார்" என்று பந்திக்கு ஆள் அனுப்புவார். குரூப் போட்டோவில் விடுபட்ட ஒரே காரணத்துக்காக வருடக் கணக்கில் தங்கை வீட்டுப் படியேறாத தாய்மாமன்கள் உண்டு. ஆகவே சித்தப்பாவின் வேலை சிறிய வேலை அல்ல.

ரோலை வீணாக்காததற்குக் காசு ஒரு காரணம்; கிடைப்பதே அரிது என்பது இன்னொன்று. வெளிநாட்டுப் பிலிமுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மத்திய அரசு ஊட்டியில் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் 'இந்து' பிலிமையும், கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த 'ஓர்வோ'வையும் நம்பித்தான் ஏராளமான ஸ்டூடியோக்கள் நடந்தன. அந்த ஆலை இருந்த பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது, ஆலை இயங்கவில்லை.

கேமரா பெரும்பாலும் யாஷிகா மேட். கொஞ்சம் பெரிய ஸ்டூடியோ என்றால் ரோலிஃபிளெக்ஸ். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். கழுத்தில் மாட்டிய கேமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, மேலே திறந்திருக்கும் கண்ணாடித் திரையில் உருவத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் திரையில் வலம் இடமாகத் தெரியும். மணமகள் வலப்பக்கம் நகர்ந்தால் திரையில் இடப்பக்கம் நகர்வாள். அசைகிறவர்களை அதில் தொடர்ந்து பிடிப்பது பழகிய கைக்கே கடினம். "அசையாம நில்லுங்க" என்று போட்டோகாரர் அதட்டியதற்கு அவருடைய சுபாவத்தை விட அந்தக் கண்ணாடிக்குத்தான் பங்கு அதிகம். பழைய படங்களில் மணமக்கள் உயரமாகத் தெரிவதும் இதனால்தான். லென்ஸ் அவர்களை இடுப்பு உயரத்திலிருந்து பார்த்தது. எடுத்தவரோ அவர்கள் முன்னால் குனிந்து நின்றார்.

அதைவிடப் பெரிய தடை வெளிச்சம். முகூர்த்தங்கள் பல விடியற்காலையில் வந்தன. வீட்டு வாசலில் போட்ட பந்தலோ, சத்திரத்துக் கூடமோ, இரண்டு மூன்று ட்யூப் லைட்டுக்கு மேல் இருக்காது. 100 ஏஎஸ்ஏ பிலிமைப் போட்டு, யாஷிகாவின் 3.5 துளையை முழுவதும் திறந்து வைத்தாலும், அந்த வெளிச்சத்தில் ஷட்டர் ஐந்தில் ஒரு விநாடி திறந்திருந்தால்தான் முகம் பதியும். ஐந்தில் ஒரு விநாடியில் அட்சதை தூவும் கை கரைந்து போகும். எனவே ஃபிளாஷ். முதலில் ஒருமுறை எரிந்ததும் கழற்றி எறியும் பல்புகள் இருந்தன. அந்தக் கருகிய பல்புகளைப் பொறுக்கச் சிறுவர்கள் காத்திருப்பார்கள். பிறகு தோளில் பேட்டரிப் பெட்டி தொங்கும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வந்தது. ஒருமுறை மின்னிய பின் மீண்டும் சார்ஜ் ஏறச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் நடந்தது எதுவும் படத்தில் இல்லை.

ஆகவே தாலி கட்டும் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். கெட்டிமேளம் கொட்டுகிறது, நாலாபுறமும் அட்சதை விழுகிறது, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். அந்த இரைச்சலுக்கு நடுவே போட்டோகாரரின் குரல்: "அப்படியே பிடிங்க, இங்க பாருங்க." மாப்பிள்ளை கையில் தாலிக் கயிற்றோடு நிமிர்ந்து பார்க்கிறார். பெண்ணின் முகவாயை யாரோ ஒரு சுமங்கலிப் பெண் நிமிர்த்திவிடுகிறாள். பின்னால் நிற்கும் பதினைந்து பேரும் லென்ஸைப் பார்க்கிறார்கள். ஐயர் கூடப் பார்க்கிறார். வாழ்க்கையின் மிக முக்கியமான கணம் என்று எல்லோரும் நம்பிய ஒன்றை, எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு விநாடி நிறுத்திவைத்தார்கள். இன்று பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தப் படங்கள் வேடிக்கையாக இருக்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பார்ப்பது லென்ஸை அல்ல, இனிமேல் பிறக்கப் போகிறவர்களை. அந்தப் பார்வை நேராக நம்மீது விழுகிறது.

நடப்பதை நிறுத்தாமல், சொல்லாமல், நடக்கிறபடியே எடுப்பது, இன்று கேண்டிட் என்கிறோமே அது, அன்று தெரியாத கலை ஒன்றும் அல்ல. கையடக்கமான லைக்கா 1925-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 1920-களின் இறுதியில் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர், மங்கிய வெளிச்சத்திலும் படமெடுக்கக்கூடிய எர்மனாக்ஸ் கேமராவோடு மாநாட்டு அறைகளுக்குள் புகுந்து, தலைவர்கள் அயர்ந்தும் கொட்டாவி விட்டும் இருந்த நேரங்களைப் பதிவு செய்தார். அந்த வழியின் பெரிய பெயரான ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தமிழ்நாட்டுக்கே வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களையும் ஆசிரமத்தில் கூடியிருந்தவர்களையும் படமெடுத்தார். அதே மாதத்தில், அதே மாவட்டத்தில், பங்குனி கழிந்து சித்திரை முகூர்த்தங்களில் கல்யாணங்கள் நடந்துதான் இருக்கும். அந்தப் பந்தல்களில் எல்லோரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்த்திருப்பார்கள். கார்ட்டியே-பிரெஸ்ஸோனின் வழி நம் கல்யாணப் பந்தலுக்குள் நுழைய ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

கருவியும் காசும் மட்டும் அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. படம் எடுக்கச் சொன்னவர்கள் அதைக் கேட்கவில்லை. கல்யாணப் படம் அன்று சாட்சி. யார் வந்தார்கள், யார் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த நகை போட்டு அனுப்பினார்கள் என்பதற்கான சாட்சி. பெண் ஒட்டியாணம் போட்டிருந்தாள் என்றால் அது படத்தில் தெரிய வேண்டும். சுயமரியாதைத் திருமணங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அக்கினி இல்லை, புரோகிதர் இல்லை. மாலை மாற்றும் மணமக்களுக்கு நடுவில் தலைமை தாங்கும் தலைவர் நிற்கும் அந்த ஒரு படம்தான் எல்லாம். அத்தகைய திருமணங்களைச் சட்டப்படி ஏற்க 1967-ல் அண்ணாவின் ஆட்சி சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் மணந்தவர்கள் பலருக்கு, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படம் வெறும் நினைவுப் பொருளாக மட்டும் இருந்திருக்காது. இப்போது தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். சாட்சி சொல்லும் வேலையைச் சார்பதிவாளர் அலுவலகம் எடுத்துக்கொண்டது. படத்துக்கு அந்தச் சுமை குறைந்தது என்றே நினைக்கிறேன்.

அந்தப் படங்களுக்கும் இன்றைய படங்களுக்கும் நடுவில் ஒரு முப்பது ஆண்டுகள் உண்டு. கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது. ஒரு ரோலுக்கு 12 படம் என்பது 36 படமானது. கேமரா நெஞ்சிலிருந்து கண்ணுக்கு ஏறியது. கறுப்புத் தாளில் நான்கு மூலையும் செருகி, இடையிடையே சிலந்திவலைக் கோடு போட்ட மெல்லிய தாள் வைத்த ஆல்பம் போய், பிளாஸ்டிக் உறை ஆல்பம் வந்தது. பிறகு தடித்த பக்கங்களோடு கரிஸ்மா ஆல்பம். அந்தப் பக்கங்களில் மணமக்களுக்குப் பின்னால் ஸ்விட்சர்லாந்து மலையும் ரோஜாப்பூவும் முளைத்தன. சரியாகக் கழுவி எடுத்த 1960-களின் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. 1980-களின் கலர்ப் பிரிண்டுகளில் பல செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. வெள்ளி நிலைத்தது, சாயம் நிலைக்கவில்லை. ஒரே வீட்டில் அம்மாவின் கல்யாண ஆல்பத்தைவிடப் பாட்டியின் ஆல்பம் புதிதாகத் தெரிவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வீடியோவும் அந்த முப்பது ஆண்டுகளில்தான் வந்தது. விஎச்எஸ் கேமராவுக்கு முன்னால் ஆயிரம் வாட் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு லைட் பாய் நிற்பான். விளக்கு திரும்பும் பக்கமெல்லாம் முகங்கள் திரும்பும். ஓமப் புகையில் கலங்கிய கண்கள் அந்த வெளிச்சத்தில் கூசும். பந்தியில் சாப்பிடுகிறவர் மீது அது விழுந்ததும் கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நிற்கும். கேமரா அதிகாரமாக நடந்துகொண்ட காலம் என்று அதைத்தான் சொல்வேன். யாஷிகாக்காரர் கேட்டது இரண்டு விநாடி மட்டுமே.

மாற்றத்துக்கு ஒரு ஆண்டு சொல்ல வேண்டுமென்றால் 2008-ஐச் சொல்லலாம். கேனான் 5டி மார்க் 2, நிக்கான் டி700 இரண்டும் அந்த ஆண்டில் வந்தன. 3200 ஐஎஸ்ஓ வைத்தாலும் முகத்தில் பொரிப்பொரியாகப் புள்ளி விழாமல் எடுக்கக்கூடிய கேமராக்கள். அதில் 1.8 துளை கொண்ட 50 எம்எம் அல்லது 85 எம்எம் லென்ஸை மாட்டினால் கணக்கே மாறிவிடுகிறது. முன்பு ஐந்தில் ஒரு விநாடி கேட்ட அதே ட்யூப் லைட் வெளிச்சத்தில் இப்போது அறுநூறில் ஒரு விநாடி போதும். அட்சதை காற்றில் ஒவ்வொரு அரிசியாக நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், எனவே எடுப்பது யாருக்கும் தெரியாது. 85 எம்எம் லென்ஸ் இருப்பதால் மணவறைக்குள் தலையை நீட்டவும் வேண்டாம், தூணுக்குப் பக்கத்தில் நின்றே எடுக்கலாம். பின்னர் வந்த மிரர்லெஸ் கேமராக்கள் ஷட்டர் சத்தத்தையும் இல்லாமல் ஆக்கிவிட்டன.

கருவியோடு ஆட்களும் மாறினார்கள். முன்பு இது ஸ்டூடியோத் தொழில். தகப்பனிடமிருந்து மகன் கற்றது, அல்லது டார்க் ரூமில் ஹைப்போ கலக்கிக் கொடுத்து, தட்டுக் கழுவி, மூன்று நான்கு வருடத்துக்குப் பிறகு கேமராவைத் தொட்ட உதவியாளர் கற்றது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தவர்களில் பலர் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருந்தவர்கள். சனி ஞாயிறுகளில் எடுக்கத் தொடங்கி, பிறகு இதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள். அவர்கள் கற்றது நிருபர்களின் படங்களைப் பார்த்து, இணையத்தில் வெளிநாட்டுத் திருமணங்களைப் பார்த்து. பெண்களும் வந்தார்கள். இது நான் மிகவும் மதிக்கும் மாற்றம். ஒரு பெண் கேமராவோடு வந்ததால்தான் மணப்பெண் அறையின் கதவு திறந்தது. விடிகாலை மூன்று மணிக்குத் தலைவாரும் நேரத்தில் தூக்கம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெண், ஜடை தைக்கும் அத்தை, பட்டுப்புடவையின் கொசுவத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு மடிப்பு எடுக்கும் அக்கா, வாசற்படியில் நின்று எதையோ மறந்தவள் போலப் பார்க்கும் அம்மா. பழைய ஆல்பம் எதிலும் இந்த அறை இல்லை.

தாலி கட்டும் படத்துக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் வித்தியாசம் முழுவதும் அங்கே தெரிகிறது. மூன்றாவது முடிச்சைப் போடுபவர் நாத்தனார். பழைய படத்தில் அவர் பெண்ணுக்குப் பின்னால் இருக்கிறார். ஒரு கையும் புடவைத் தலைப்பும் தெரியும், அவ்வளவுதான். இன்றைய படத்தில் அவர் முகம் தெரிகிறது. முடிச்சு சரியாக விழ வேண்டுமே என்ற கவனத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் விரல் நடுங்கியிருக்கிறது. பெண் குனிந்திருக்கிறாள், யாரும் முகவாயை நிமிர்த்தவில்லை. பெண்ணின் அப்பா எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் மேலே பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய படம் இந்த நால்வரும் அங்கே இருந்தார்கள் என்றது. புதிய படம் அவர்களுக்கு அப்போது என்ன நடந்தது என்கிறது.

மேடைக்கு வராதவர்களும் படத்துக்குள் வந்தார்கள். கணவனை இழந்த பெண் மணவறைக்கு அருகில் வரக்கூடாது என்ற வழக்கம் எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். தான் பெற்ற பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இல்லாத அம்மாக்கள் இருக்கிறார்கள். சித்தப்பாவின் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. அவர்களும் கேட்க மாட்டார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கும் கேண்டிட்காரருக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அவர் கண்ணில் படுவது, கூட்டத்துக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு சடங்கும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகம். எடுத்துவிடுகிறார். வழக்கம் மாறியதா என்றால், சில வீடுகளில் மாறியிருக்கிறது, பல வீடுகளில் இல்லை. ஆனால் அந்த அம்மா ஆல்பத்தில் இருக்கிறார். அதுபோலவே அண்டாவுக்கு முன்னால் வியர்வையோடு நிற்கும் சமையல்காரர், கெட்டிமேளத்துக்கு விரல் சைகைக்காகக் காத்திருக்கும் தவில்காரர், கடைசிப் பந்திக்கு இலை போடும் சிறுவன். பாதிப் பேருக்கு அந்தப் படம் போய்ச் சேர்வதில்லை என்பது உண்மை, சேர்க்க வேண்டும்.

முகத்தின் நிறத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நேர் எதிரிலிருந்து அடித்த ஃபிளாஷ், பவுடர் பூசிய முகத்தைத் தட்டையான வெள்ளையாக்கியது. போதாததற்கு நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தார்கள். ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் எடுத்த கேண்டிட் படங்களில்தான் கறுத்த முகம் கறுத்த முகமாகவே, அதன் மினுமினுப்போடு, அழகாக விழுந்தது. அந்த ஆதாயத்தை நாம் முழுதாகக் காப்பாற்றவில்லை. எடுத்தவர் விட்டுவைத்த நிறத்தைக் கணினியில் உட்கார்ந்து வெளுப்பாக்கும் வேலை இன்றும் நடக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டார்.

இழந்தவற்றில் முதலாவது அந்தச் சித்தப்பாவின் அறிவு. உள்ளூர் ஸ்டூடியோக்காரர் அதே வீட்டில் மூத்தவளின் கல்யாணத்தையும் எடுத்தவர்; யார் பெரியப்பா, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, யாரை யார் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் குழு முகத்தின் பாவத்தைப் பார்த்து எடுக்கிறது. வாய்விட்டுச் சிரித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆறு படங்கள். சீர் வரிசையோடு இரவெல்லாம் பயணம் செய்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த தாய்மாமனுக்கு ஒன்றும் இல்லை. இது உறவுகளின் கணக்கில் பெரிய பிழை. அதனால்தான் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் கேண்டிட் வந்த பிறகும் பழைய முறை போகவில்லை. விலைப் பட்டியலிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன: ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, சினிமாட்டிக் வீடியோ. மேலே பறக்க ஹெலிகேம் வேறு. மேடையில் வரிசையில் வந்து பரிசு கொடுக்கிறவர்களை ட்ரெடிஷனல்காரர் எடுக்கிறார். இந்த ஏற்பாட்டைப் பழமையின் மிச்சம் என்று ஒதுக்குவது தவறு. அது தெரிந்தே செய்யும் ஏற்பாடு.

இரண்டாவது இழப்பு, பார்வை. இரண்டு கேண்டிட்காரர், இரண்டு ட்ரெடிஷனல்காரர், இரண்டு வீடியோக்காரர், உதவியாளர்கள் என்று எட்டுப் பத்துப் பேர் மணவறையைச் சுற்றி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விருந்தினர்கள் கைப்பேசியை உயர்த்துகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரிவது முதுகுகள்தான். அதற்காக மண்டபத்தின் இரு பக்கமும் எல்இடி திரை வைத்திருக்கிறார்கள். இருபது அடி தூரத்தில் நடக்கும் மாங்கல்ய தாரணத்தைத் திரையில் பார்த்து, திரையை நோக்கி அட்சதை போடுகிறோம். 2020-ல் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது வெளியூர் உறவினர்கள் வீட்டிலிருந்தபடி நேரலையில் பார்த்தார்கள். அன்று அது ஆறுதலாக இருந்தது. மண்டபத்துக்குள் வந்தவருக்கும் அதே திரைதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கேண்டிட் படம் எப்படி இருக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "கேமராவைப் பார்க்காதீங்க, நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருங்க, இப்ப சிரிங்க" என்கிறார்கள். மணமக்கள் நெற்றியோடு நெற்றி வைத்துச் சிரிக்கிறார்கள். தோழிகள் ஒரே நேரத்தில் பூவை வீசுகிறார்கள். சரியாக விழவில்லை என்றால் பொறுக்கி மறுபடி வீசுகிறார்கள். அன்று நிற்கச் சொன்னார்கள், நின்றோம். படத்தைப் பார்த்தால் நின்றது தெரிந்தது. இன்று நடிக்கச் சொல்லி, நடிக்காதது போல எடுக்கிறார்கள். நல்ல கேண்டிட்காரர்கள் இதைச் செய்வதில்லை. அவர்கள் முதல் நாள் மாலையே வந்து, கேமராவை எடுக்காமல் ஒரு மணி நேரம் வீட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தியில் சாப்பிடுகிறார்கள். மறுநாள் அவர்களை யாரும் கவனிப்பதில்லை. அதுவே அவர்களுக்கு வேண்டியது. அப்படிப்பட்டவர்கள் எடுத்த படங்களைப் பற்றித்தான் இதுவரை நல்லதாகச் சொன்னேன்.

காத்திருப்பும் இடம் மாறிவிட்டது. அன்று பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, ஆல்பம் வர ஒரு மாதம். படம் விழுந்ததா என்பதே அதுவரை தெரியாது. இன்று மண்டப வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தன் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினால், தான் இருக்கும் படங்களை எல்லாம் கணினியே பொறுக்கி அன்று மாலையே கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. முன்பு நெகட்டிவ் நம்பரைக் குறித்துக் கொடுத்து, காசு கொடுத்து, தபாலுக்குக் காத்திருந்து பெற்ற காப்பி அது. ஆனால் ஆல்பம்? ஐயாயிரத்திலிருந்து 150 படங்களை மணமக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு மாதம் ஆகிறது, ஒரு வருடம் ஆகிறது. முதல் குழந்தைக்குக் காது குத்தும்வரை கல்யாண ஆல்பம் வராத வீடுகள் உண்டு. அதற்குள் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை கீழே விழுந்தால் எதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அது எந்த நாளில், எந்த விநாடியில், எந்த லென்ஸில் எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. பழைய பிரிண்டில் நேரம் இல்லை. பின்புறத்தைத் திருப்பினால் மசியில் யாரோ எழுதியிருப்பார்கள்: இடமிருந்து வலமாக, பெரியம்மா, ராஜியின் மாமியார், காரைக்குடி அத்தை. கணினிக்கு முகம் தெரிகிறது, முறை தெரியவில்லை. ஐயாயிரம் படங்களுக்கு யாரும் பெயர் எழுதுவதில்லை, நூற்றைம்பதுக்காவது எழுதலாம்.

எங்கள் உறவில் ஒரு தம்பதிக்கு இந்த இரண்டு விதப் படங்களும் வாய்த்தன. 1969-ல் கல்யாணம், 2023-ல் சதாபிஷேகம். முதலாவதற்கு இரண்டு ரோல், 24 படங்கள். இரண்டாவதைப் பேத்தி ஏற்பாடு செய்த கேண்டிட்காரர்கள் எடுத்தார்கள். வந்த இளைஞர் திறமைசாலி. ஆனால் தாத்தாவிடம் அவருடைய முறை பலிக்கவில்லை. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் லென்ஸ் தன் பக்கம் திரும்பியதைத் தாத்தா கண்டுபிடித்துவிடுவார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்ப்பார். "தாத்தா, நீங்க என்னைப் பார்க்காம இருங்க" என்றார் இளைஞர். "நீ இவ்வளவு தூரம் வந்து எடுக்கறே, பார்க்காம இருந்தா மரியாதையா இருக்குமாப்பா?" என்றார் தாத்தா. பாட்டி அப்படியில்லை. கலச தீர்த்தம் தலையில் விழுந்தபோது சிறுமி போலச் சிலிர்த்ததையும், மறுபடி தாலி கட்டிக்கொண்டபோது வெட்கப்பட்டதையும், நடுவில் ஒருமுறை தாத்தாவின் நெற்றியில் வழிந்த நீரைத் தலைப்பால் துடைத்ததையும் அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார். எல்லாம் படத்தில் இருக்கின்றன. நெற்றி துடைக்கும் படத்தைப் பேத்தி பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். அதில் தாத்தா கண்ணை மூடியிருக்கிறார். பாட்டிக்குப் பிடித்தது. தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. கூடத்தில் மாட்ட, இருவரும் நேராகப் பார்க்கும் படம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 1969-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் மாட்டியிருக்கிறார்கள்.